மண்டபம் பக்கத்துப் பையன் தொழில்முறை பைக் ரேஸர் ஆக முடியுமா? என்ன வழி?

ஆகலாம் தம்பி. ஆனால் பாம்பன் பாலத்திலும் தனுஷ்கோடி அரிச்சல்முனை ரோட்டிலும் முறுக்கிப் பழகி ஆக முடியாது. நான் ஆரம்பித்ததே அங்கேதான் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

எனக்கு உச்சிப்புளி. அப்பா நாட்டுப்படகு வைத்திருந்தார். 2017-இல் அரிச்சல்முனை வரை புது ரோடு திறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. இரண்டு பக்கமும் கடல், விடியற்காலையில் ஆளே இருக்காது. காற்று இரவெல்லாம் ரோட்டில் மணலைத் தூவி வைத்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தார் மட்டும்தான் தெரியும். ஒருநாள் கூட வந்த நண்பன் அந்த மணல்மேல் முன் பிரேக்கைத் தொட்டான். ஹேண்டில் மடங்கியது, ஆள் ரோட்டில் கிடந்தான். முழங்கை நொறுங்கிவிட்டது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கை இன்றுவரை முழுசாக நீளாது. அதற்கப்புறம் நான் ரோட்டில் வேகம் காட்டியதில்லை.

மறு வருடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பயிற்சிக்குப் பணம் கட்டினேன். ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். நன்றாக ஓட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு இறங்கினேன். பயிற்சியாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: "முதல் வளைவுக்கு எங்கே பிரேக் பிடிச்சீங்க?" என்னால் சொல்ல முடியவில்லை. நாலு லேப்பில், அதாவது நாலு சுற்றில், நாலு இடத்தில் பிடித்திருக்கிறேன். நேர் ரோட்டில் யார் வேண்டுமானாலும் பறக்கலாம். ரேஸர் என்பவர் ஒவ்வொரு லேப்பிலும் அதே அடையாளத்தில் பிரேக் பிடித்து, அதே இடத்தில் பைக்கைச் சாய்த்து, வளைவு முடியும் இடத்தைப் பார்த்தபடியே வெளியே வருகிறவர். பிரேக் லீவரை எலுமிச்சம்பழம் பிழிவதுபோல மெல்ல ஆரம்பித்து இறுக்க வேண்டும். முன் டயர் தரையில் நன்றாக அமர்ந்த பிறகுதான் முழு அழுத்தம் கொடுக்கலாம். இது கைக்கு வர எனக்கு ஆறு மாதம் ஆனது.

வழி இதுதான்: பயிற்சிப் பள்ளி, மருத்துவச் சான்று, பிறகு இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் லைசென்ஸ். அடுத்து 'ஒன் மேக்' போட்டிகள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பைக், அதையும் கம்பெனியே கொடுக்கும். லேப் நேரத்தை வைத்து ஆள் எடுப்பார்கள். சொந்தமாக ரேஸ் பைக் வாங்க முடியாத நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் வாசல். ஆனாலும் லெதர் சூட், பூட்ஸ், கையுறை, நல்ல ஹெல்மெட் எல்லாம் நம் செலவு. எனக்குப் பழைய சூட்டே 25,000 ரூபாய் ஆனது, அம்மாவின் வளையலை அடகு வைத்தோம்.

சம்பளத்துக்கு ஓட்டும் இடங்கள் நாட்டிலேயே மிகக் குறைவு. 1982-இல் தொடங்கிய டிவிஎஸ் ரேஸிங் போன்ற கம்பெனி அணிகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள் எடுப்பார்கள். ஜெகன் குமார், ரஜினி கிருஷ்ணன், 2011-இல் உலக சாம்பியன்ஷிப் 125 சிசி போட்டியில் இறங்கிய சரத்குமார், இந்த மூன்று ரேஸர்களும் சென்னைக்காரர்கள். அவர்களுக்கு டிராக் பக்கத்தில் இருந்தது. நமக்கு ஒவ்வொரு பயிற்சிக்கும் ஓர் இரவு ரயில். திறமையில் நாம் குறைந்தவர்கள் இல்லை. நமக்கு எட்டாமல் இருப்பது டிராக்கில் ஓட்டும் மணி நேரம்தான். அதை ஈடுகட்ட, கோடையில் வற்றிய கண்மாயில் ஊராரிடம் கேட்டுவிட்டு, ஹெல்மெட்டோடு, பழைய 100 சிசி வண்டியில் வட்டமடித்துப் பழகுங்கள். பின் சக்கரம் வழுக்கும்போது உடம்பு பதறாமல் இருக்கக் கற்றுக்கொள்வீர்கள். நான் கற்றது அப்படித்தான்.

நான்கு சீசன் ஓட்டினேன். அதிகபட்சம் ஐந்தாம் இடம். காறை எலும்பு இரண்டாவது முறை உடைந்ததும் நிறுத்திக்கொண்டேன். இப்போது ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், ரேஸ் நாட்களில் ஒரு தனியார் அணிக்கு மெக்கானிக்காகப் போகிறேன். உப்புக்காற்றில் இரண்டு நாள் விட்டால் செயின் துருப்பிடிக்கும் ஊர் நம்முடையது. சிறு வயதில் அப்பாவின் படகு எஞ்சினைத் தினமும் துடைத்து எண்ணெய் போட்ட பழக்கம்தான் பிட்டில், அதாவது டிராக் ஓரத்தில் பைக்கைச் சரிபார்க்கும் இடத்தில், எனக்குச் சோறு போடுகிறது. ஓட்டும்போதே வண்டி வேலையையும் கற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டில் மறைக்காமல் சொல்லிவிட்டு ஒரே ஒரு நாள் பயிற்சிக்குப் பதிவு செய்யுங்கள். என் பழைய லெதர் சூட் ஒர்க்‌ஷாப்பில் சும்மாதான் தொங்குகிறது. இடது தோளில் ஒட்டுப் போட்டிருக்கும், மற்றபடி நல்ல நிலையில் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்தினால் எடுத்துக்கொண்டு போங்கள்.