முட்டிவலிக்கு ஏழு வண்ண விளக்கு: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு வயது 71, பத்து வருடமாக முட்டிவலி. போன ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பூஜை முடிந்து பந்தி நடக்கும்போது ஒருவர் 'கலர் தெரபி' விளக்கு ஒன்றைக் காட்டினார். சிவப்பு ரத்த ஓட்டத்துக்கு, நீலம் வீக்கத்துக்கு, பச்சை தலைவலிக்கு, ஊதா தூக்கத்துக்கு என்றார். புதன்கிழமை வீட்டுக்கே வந்து 6,800 ரேண்டுக்கு விற்றுவிட்டுப் போனார். பாதியைக் கையில் கொடுத்தோம், மீதி இரண்டு தவணை. பில்லில் 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது' என்று அச்சடித்திருக்கிறது. அம்மா வலி குறைந்திருக்கிறது என்கிறார். தம்பி நம்மை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்கிறான். விளக்கின் படம் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. பத்தி வெளிவரும்வரை வைத்திருந்தால் நாள் கடந்துவிடும் என்று அன்றைக்கே சுருக்கமாக எழுதிப் போட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விவரமாக இங்கே.

முதலில் பணம். தென்னாப்பிரிக்காவில் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 16ஆவது பிரிவு இருக்கிறது. நீங்கள் கடை தேடிப் போகாமல், விற்பவர் உங்களைத் தேடி வந்து விற்றிருந்தால், 5 வேலை நாளுக்குள் 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, அபராதமும் கிடையாது. புதன்கிழமை விளக்கு கைக்கு வந்ததால் அடுத்த புதன் வரை உங்களுக்கு நேரம் இருந்தது. வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் போக வேண்டும். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் இரண்டு வரி அனுப்பி, அனுப்பிய நேரம் தெரிகிற மாதிரி படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொன்னது அதனால்தான். விளக்கைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து 15 வேலை நாளுக்குள் அவர் பணத்தைத் தர வேண்டும். பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும் சட்டம் கொடுத்த உரிமையை அது பறிக்க முடியாது. அவர் இழுத்தடித்தால் நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் போங்கள், கட்டணம் இல்லை. அங்கும் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் ஆணையம். டப்பாவையும் விளக்கோடு வந்த வண்ண பிளாஸ்டிக் தட்டுகளையும் ஒன்று விடாமல் வைத்திருங்கள். ஒரு தட்டு குறைந்தாலும் அதை வைத்தே வழக்காடுவார்கள்.

இனி விளக்கு. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்மூடிக்குள் ஒரு சாதாரண வெள்ளை எல்இடி பல்பு. முன்னால் தட்டு செருக ஒரு பள்ளம், கூடவே ஏழு பிளாஸ்டிக் தட்டுகள். ஸ்டிக்கரில் '9 வாட், 220 வோல்ட்' என்று மட்டும் இருக்கிறது. சிவப்புத் தட்டைப் போட்டால் விளக்கு சிவப்பை உண்டாக்குவதில்லை. வெள்ளை வெளிச்சத்தில் இருக்கிற மற்ற நிறங்களைத் தட்டு தடுத்துவிடுகிறது, மிச்சம் வெளியே வருகிறது. அதாவது தட்டு போட்ட பிறகு அம்மா முட்டியில் விழுவது முன்பைவிடக் குறைந்த வெளிச்சம்தான். கல்யாண மேடையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊதா நிறத்தில் காட்டுகிற விளக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதன் கீழே நின்று யாருக்கும் தூக்கம் வந்ததாக நான் கேட்டதில்லை.

இந்தச் சரக்கு புதிதும் அல்ல. பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தின்ஷா கடியாலி என்பவர் 1920இல் 'ஸ்பெக்ட்ரோ-குரோம்' என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே 1,000 வாட் பல்பு, முன்னால் வண்ணக் கண்ணாடிகள். நோயாளி உடையைக் களைந்து வடக்கே தலை வைத்துப் படுக்க வேண்டும் என்பது அவருடைய விதி. நம் வீட்டில் வடக்கே தலை வைத்தால் பாட்டி எழுப்பி உட்கார வைத்துவிடுவார்! 1947இல் அமெரிக்க நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 20,000 டாலர் அபராதம் போட்டது. உங்கள் கையில் இருப்பது அதே பெட்டிதான். கண்ணாடி பிளாஸ்டிக் ஆகிவிட்டது, 1,000 வாட் 9 ஆகிவிட்டது.

ஆனால் ஒளி வைத்தியம் முழுக்கப் பொய் என்று உங்கள் தம்பி சொன்னால் அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தோல் செதில் செதிலாக உரியும் சொரியாசிஸுக்கு 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியைத் தோல் மருத்துவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். முட்டித் தேய்மானத்துக்கு 785 முதல் 860 நானோமீட்டர் வரையிலான லேசரை, முட்டியில் ஒரு புள்ளிக்கு 4 முதல் 8 ஜூல் சக்தி என்று அளந்து கொடுத்தபோது வலி குறைந்ததாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அளவு அதற்குக் குறைந்தபோது பலன் தெரியவில்லை. பச்சை ஒளிக்கும் தலைவலிக்கும் ஓர் ஆய்வு உண்டு. அரிசோனா பல்கலைக்கழகத்தில் 29 பேரிடம் செய்து பார்த்ததில் ஒற்றைத் தலைவலி வரும் நாட்கள் குறைந்தன. 29 பேர் என்பது நம் கோவில் பந்தியில் ஒரு வரிசைகூட இல்லை. அதை வைத்துக்கொண்டு 6,800 ரேண்டுக்கு விளக்கு விற்கக் கூடாது. இவை எல்லாவற்றிலும் மருந்து என்பது அலைநீளமும் அளவும். நிறத்தின் பெயர் அல்ல.

அதனால் எந்த ஒளிக் கருவியை விற்க வந்தாலும் இரண்டு எண்களைக் கேளுங்கள்: எத்தனை நானோமீட்டர், தோலில் விழும் சக்தி எவ்வளவு. 'சக்கரம்', 'அதிர்வு', 'ஆற்றல் சமநிலை' என்று பேச்சு போனால் பில் புத்தகத்தை மூடச் சொல்லலாம். 'அரசு அங்கீகாரம் உண்டு' என்பார்கள். மருத்துவக் கருவி இறக்குமதி செய்யவும் விநியோகிக்கவும் தென்னாப்பிரிக்க சுகாதாரப் பொருட்கள் ஒழுங்குமுறை ஆணையமான சாப்ராவின் உரிமம் வேண்டும். அந்த உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த உரிமம் நிறுவனத்துக்குத்தான், விளக்கு வலியைப் போக்கும் என்பதற்கு அது சான்று ஆகாது. ஆயுர்வேதம், ஹோமியோபதி, ரிஃப்ளெக்சாலஜி எல்லாம் நம் நாட்டில் சட்டப்படி பதிவுசெய்யும் தொழில்கள். வண்ண வைத்தியம் அந்தப் பட்டியலில் இல்லை.

அம்மாவின் வலி குறைந்தது பொய் என்று அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தினமும் அரை மணி நேரம் காலை நீட்டி, மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அசையாமல் இருந்தால் முட்டிக்கு இதமாகத்தான் இருக்கும். விளக்கைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அந்த அரை மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள், வெந்நீர் ஒத்தடம் சேர்த்துக்கொள்ளலாம். கிளினிக்கில் சீட்டு வாங்கி பிசியோதெரபிஸ்டிடம் காட்டினால் தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லித் தருவார். முட்டிக்கு ஆதாரம் வலுவாக உள்ள வைத்தியம் அதுதான்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. பாதம் மரத்துப்போகிறது, இரவில் எரிச்சல். இணையத்தில் அகச்சிவப்பு ஒளி வரும் கால் உறை ஒன்று வாங்கினேன். வந்து நான்கு நாள் ஆகிறது, இன்னும் பிரிக்கவில்லை. பயன்படுத்தலாமா?
- ஃபீனிக்ஸ் வாசகர், டர்பன்

பதில்: பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களே, நல்லது. இணையத்தில் வாங்கியதற்கு வேறு சட்டம்: 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம். பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள் ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. உள்நாட்டுக் கடைக்கு இது எளிது. வெளிநாட்டுக் கடை என்றால் சட்டம் இருந்தும் துரத்திப் பிடிப்பது உங்கள் பாடு.

திருப்பித்தான் அனுப்பச் சொல்வேன். சர்க்கரையால் மரத்த பாதத்துக்கு இதே வகைக் கருவியை நிஜம், போலி என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்து 2008இல் ஆய்வு செய்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. பயம் வேறு இருக்கிறது. சூடு உணராத பாதத்தில் சூடு வைத்தால் வெந்தது அப்பாவுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் நீங்கள் கொப்புளத்தைப் பார்க்கும்போதுதான் தெரியும். எரிச்சலுக்கு மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். தினமும் படுக்கும் முன் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தங்கைக்குக் குழந்தை பிறந்து நான்கு நாள். உடம்பு மஞ்சளாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நீல விளக்குதானே வைக்கிறார்கள், நாமே நீல பல்பு வாங்கிப் போடலாம் என்கிறார் மாமியார். எந்த பல்பு வாங்குவது?
- டோங்காட்

பதில்: எதையும் வாங்காதீர்கள். ஆஸ்பத்திரி விளக்கு 460 நானோமீட்டரைச் சுற்றிய நீல ஒளி. தோலுக்குள் இருக்கும், மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் என்ற நிறமியை உடம்பு வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு அது மாற்றுகிறது. அதன் வீரியத்தை மீட்டர் வைத்து அளக்கிறார்கள், குழந்தையின் கண்ணைக் கட்டுகிறார்கள், ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள். கடையில் விற்கும் நீல பல்பு அலங்காரத்துக்கு. ஜன்னல் வெயிலும் அதற்கு ஈடில்லை. மஞ்சள் அளவு மீறினால் மூளையைத் தாக்கும். ரத்தத்தில் அளந்தால்தான் எவ்வளவு என்று தெரியும். இதைப் படித்த கையோடு குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, மஞ்சள் கால் வரை இறங்கியிருந்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்கு, இரவானாலும்.