டெல்லியில் ஹவுஸ் டாக்ஸ் எப்படிக் கணக்கிடுவது? மனைவி பெயரில் வீடு இருந்தால் தள்ளுபடி உண்டா?

மயூர் விஹாரில் 110 சதுர மீட்டர் ஃபிளாட், 1980களில் கட்டியது, கணவன் மனைவி இருவர் பெயரிலும் ரெஜிஸ்ட்ரி என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்தப் பக்கம்தான். எங்கள் வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் வருடா வருடம் வரி கட்டுவது என் வேலை.

சென்னையில் மாநகராட்சி கணக்குப் போட்டுச் சொல்லும், அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுவோம். இங்கே அப்படி இல்லை. 2004 முதல் நாமே கணக்குப் போட்டு ஆண்டுக்கு ஒரு முறை கட்டும் முறை. பில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் வருடம் ஓடிவிடும்.

காலனிகளை ஏ முதல் ஹெச் வரை பிரித்திருக்கிறார்கள். சதுர மீட்டருக்கு வைத்திருக்கும் மதிப்பு ஏ பிரிவில் 630 ரூபாய், ஹெச்சில் 100. இது வரி அல்ல, கணக்குக்கு அடிப்படை. உங்கள் காலனி எதில் வருகிறது என்பதை மாநகராட்சித் தளத்தில் பாருங்கள். உதாரணத்துக்கு டி என்று வைத்துக்கொள்வோம்: 320 ரூபாய். 110 சதுர மீட்டரால் பெருக்கி, 80களின் கட்டடம் என்பதால் 0.8ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு 28,160. அதில் 11 சதவீதம், அதாவது சுமார் 3,098 ரூபாய் வரி. கல்விக்கான செஸ் என்ற கூடுதல் வரி தனி.

சரி, தள்ளுபடி. பெண்கள், மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினருக்கு 30 சதவீதம் உண்டு. ஒரே ஒரு வீட்டுக்கு, அதில் தாங்களே குடியிருந்தால், 200 சதுர மீட்டர் வரை. முழு வீடும் உங்கள் மனைவி பெயரில் இருந்தால் 2,168 ஆகிவிடும். ஆனால் கூட்டுப் பெயரில் அவர் பங்குக்கு மட்டும்தான் கிடைக்கும். பாதிப் பங்கு என்றால் 15 சதவீதம், 2,633 ரூபாய். இதற்காக மட்டும் பத்திரத்தை மாற்றப் போகாதீர்கள். அந்தச் செலவு பல வருட வரியை விழுங்கிவிடும். முழு ஆண்டு வரியையும் ஜூன் 30க்குள் மொத்தமாகக் கட்டினால் 10 சதவீதம் குறைப்பது வேறு. எல்லோரும் அடித்துப் பிடித்து ஓடுவது இதற்குத்தான், கடைசி நாளில் தளம் திணறுவதும் இதனால்தான்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வாடகை விஷயம். குடியிருப்பவர் வாடகைக்காரர் என்றால் ஆண்டு மதிப்பு இரட்டிப்பாகும், 30 சதவீதமும் போய்விடும். அதே ஃபிளாட்டுக்கு 6,195 ரூபாய். பெங்களூருக்கு மாற்றலாகிப் போன பிறகும் ‘சொந்தக் குடியிருப்பு’ என்றே கட்டிக்கொண்டிருப்பவர்கள் நம் ஆட்களிலேயே நிறையப் பேர். நோட்டீஸ் வந்தால் வித்தியாசத்தை வட்டியோடு கட்ட வேண்டிவரும்.

படிவத்தில் பரப்பளவைச் சதுர மீட்டரில் போடுங்கள். பத்திரத்தில் சதுர அடி இருக்கும், தனி வீடென்றால் கஜத்தில் இருக்கும். அதிலும் கஜக் கணக்கு மனைக்கு. வரி கட்டடப் பரப்புக்கு. 1,184 சதுர அடியை அப்படியே அடித்துவிட்டு, வரியைப் பார்த்து அலறியவர்கள் எங்கள் சொசைட்டியில் உண்டு.

கோல் மார்க்கெட், சரோஜினி நகர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது புது டெல்லி நகராட்சி மன்றம் என்ற தனி அமைப்பின் பகுதி.

அப்புறம், உங்களுக்கு ஃபிளாட்டை விற்றவரிடம் பழைய வரி ரசீதுகளை வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே கேளுங்கள். மியூடேஷனுக்கு, அதாவது மாநகராட்சிப் பதிவில் வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றப் போகும்போது பாக்கி இருந்தால் உங்கள் தலையில்தான் விழும்.