மருத்துவம் தவறிய பிள்ளையை மூலக்கூற்று உயிரியலுக்கு அனுப்பலாமா?

அம்மா, மருத்துவ பீட வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்ட மகளை மூன்றாந்தரமும் உயர்தரம் எழுத வைப்பதா, மூலக்கூற்று உயிரியல் (கலத்தின் வேலைகளை மூலக்கூறு மட்டத்தில் ஆராயும் துறை) படிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்கு அனுப்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைக்கு இரசாயனவியலில் ஏ. "ஒரு மருந்தை விட்டால் உறங்குகிற பரம்பரையலகு எழும்புமாம்" என்று வீட்டில் ஓயாமல் சொல்கிறாளாம். விஞ்ஞான பீடத்துக்கே அனுப்புங்கள்.

அவள் சொல்வது உண்மை. ஈகோலை பற்றீரியாவில் லாக்டோசை (பாற்சீனியை) உடைக்கும் பரம்பரையலகுகளை ஓர் அடக்கி பூட்டி வைத்திருப்பதை ஜாக்கோப், மொனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1961இல் விளக்கினார்கள்; அந்த அடக்கி ஒரு புரதம் என்பது பின்னர்தான் உறுதியானது. ஐபிடிஜி என்ற சேர்வை அந்தப் புரதத்தில் ஒட்டியதும் அது டிஎன்ஏயை விட்டுக் கழலும், பூட்டுத் திறக்கும். கலம் ஐபிடிஜியை உடைத்து உண்ணாது. இட்ட அளவு குறையாமல் நிற்கும். மனிதக் கலத்தில் வழி வேறு. அசாசிடிடின் என்ற புற்றுநோய் மருந்து, டிஎன்ஏயில் மெதைல் கூட்டங்களைப் பொருத்தும் நொதியத்தையே சிக்கவைக்கிறது; பரம்பரையலகை உறங்கவைக்கும் அந்தக் கூட்டங்கள் குறைய, அது எழும்பலாம்.

ஆய்வுகூடத்தில் அவள் கை செய்யப்போவது இதுதான். ஐபிடிஜியின் மூலர்த் திணிவு (ஒரு மூலின் நிறை) ஏறத்தாழ 238 கிராம்; 2.38 கிராமைக் கரைத்து 10 மில்லிலீற்றராக்கினால் 1 மோலார். 50 மில்லிலீற்றர் பற்றீரியா வளர்ப்பு 600 நானோமீற்றர் ஒளியில் 0.6 உறிஞ்சலைத் தொட்டதும் (கலங்கள் போதியளவு பெருகியதன் அடையாளம்) அந்தக் கரைசலில் 50 மைக்ரோலீற்றர் விட்டால் 1 மில்லிமோலார். வளர்ப்பு ஊடகத்தில் குளுக்கோசு மிஞ்சியிருந்தால் பரம்பரையலகு சரியாக எழாது. 37 பாகை செல்சியசில் அவசரப்படுத்தினால் அந்தப் பரம்பரையலகு செய்விக்கும் புரதம் ஒழுங்காக மடியாமல் கட்டிகட்டியாகத் திரளலாம். அப்போது 18 பாகையில் இரவு முழுவதும் விட்டுப் பார்ப்பார்கள். ஐபிடிஜி விடாத குடுவை ஒன்று பக்கத்தில் இல்லையென்றால் அன்றைய பெறுபேறு எதையும் நிரூபிக்காது. பொறுமையில்லாத பிள்ளைக்கு இது பெரிய தண்டனை.

மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிறுத்தினால் ஆராய்ச்சிக் கதவு அரைவாசிதான் திறக்கும். முதல் வருடத்திலிருந்தே புள்ளிகளைக் காத்து நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குப் போகட்டும். விரிவுரை ஆங்கிலத்தில், தமிழில் படித்த பிள்ளைகள் முதல் தவணையில் தடுமாறுவது அங்கேதான். பெறுபேறு வந்த கையோடு ஆங்கில வாசிப்பைத் தொடங்கட்டும். யாழ்ப்பாணத்துக்குள் இந்தத் துறையில் வேலை குறைவு என்பதை மறைக்கமாட்டேன். கொழும்பிலோ வெளிநாட்டிலோ மேற்படிப்புக்கு வீட்டார் இப்போதே மனதைத் தயார்படுத்த வேண்டும்.

இன்றிரவு ஒரு கணக்குக் கொடுங்கள்: 1 மோலார் கரைசல் கையில் இருக்கிறது, 20 மில்லிலீற்றர் வளர்ப்புக்கு 0.5 மில்லிமோலார் வேண்டும், எவ்வளவு விடுவாள்? விடை 10 மைக்ரோலீற்றர்.