எதைச் சொன்னாலும் பேசியே மடக்குகிறான்

கேள்வி: என் 15 வயது மகனோடு 'தேங்க் யூ ஃபார் ஸ்மோக்கிங்' படம் பார்த்தேன். சிகரெட் கம்பெனிகளுக்காகப் பேசியே சம்பாதிக்கும் நிக் நெய்லரை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது வீட்டில் எதைச் சொன்னாலும் அதே பாணியில் வாயை அடைக்கிறான். படத்தைக் காட்டியிருக்கக் கூடாதோ?

பதில்: காட்டியதில் தப்பே இல்லை. நிக்கை அவனுக்குப் பிடித்ததும் இயல்புதான். ஆரன் எக்கார்ட் அவ்வளவு வசீகரமாக நடித்திருக்கிறார். நிஜத்திலும் இப்படிப்பட்டவர்கள் இனிமையாகப் பேசுவதால்தானே எடுபடுகிறார்கள்?

ஐஸ்கிரீம் காட்சியை மட்டும் மகனோடு மறுபடி பாருங்கள். தன் மகனோடு சாக்லேட்டா வெனிலாவா என்று தொடங்கிய பேச்சை, தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்துக்கு நைசாக நகர்த்திவிடுகிறார் நிக். நாம் பேசியது அதுவல்லவே என்று அந்தப் பையன் சரியாகவே பிடிக்கிறான். வெனிலாதான் உசத்தி என்று நிக் நிரூபிக்கவே இல்லை. எதிராளி சொன்னது தப்பு என்று காட்டினாலே அவருக்குப் போதும். அதுவும் தன் மகனை நம்பவைக்க அல்ல, சுற்றியிருப்பவர்களை நம்பவைக்க.

இந்த வித்தை வெறும் கற்பனை இல்லை. 1954 ஜனவரியில் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் 400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தன. புற்றுநோய்க்குக் காரணம் சிகரெட்தான் என்பதற்கு நிரூபணம் இல்லை, மக்களின் உடல்நலத்தில் எங்களுக்கு அக்கறை உண்டு, ஆராய்ச்சிக்கு உதவுகிறோம் என்றன. சிகரெட் நல்லது என்று அவர்கள் நிரூபிக்க வேண்டியதே இல்லை, சந்தேகத்தைக் கிளப்பிவிட்டால் போதும். 1994இல்கூட ஏழு கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, நிக்கோட்டின் மனிதரை அடிமையாக்காது என்றே நம்புவதாகச் சொன்னார்கள். அந்த 40 வருடங்களில் எத்தனை குடும்பங்கள் அழுதிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. இதை மகனுக்கு அவசியம் சொல்லுங்கள்.

மற்றபடி அவன் பேச்சுத் திறமையை அடக்காதீர்கள். அவன் பேச்சை மாற்றினால், குரலை உயர்த்தாமல், "சரி, அதை அப்புறம் பேசலாம். முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். அவனும் உங்களை அப்படிக் கேட்கலாம், கோபப்படக் கூடாது.

கடைசியில் வரும் செனட் விசாரணையையும் விடாதீர்கள். சிகரெட் பெட்டியில் மண்டையோட்டுப் படம் போடுவது பற்றித்தான் அங்கே பேச்சு. நிக் அதைச் செனட்டரின் சொந்த மாநிலமான வெர்மான்ட்டின் சீஸ் பக்கம் திருப்ப, செனட்டர் தடுமாறுகிறார். அங்கே படத்தை நிறுத்தி, செனட்டர் நாற்காலியில் நீ இருந்தால் அடுத்து என்ன கேட்டிருப்பாய் என்று மகனைக் கேளுங்கள். அந்த வாய்க்கு நல்ல கேள்வியாகவே வரும்.