தாழ்வு என்றால் எதைவிடத் தாழ்வு? காற்றழுத்தம் குறித்த மாணவர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவி): ஐயா, கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று படித்தோம். அதற்குக் கீழே இறங்கினாலே தாழ்வு என்று சொல்லிவிடலாமா?

பதில்: கூடாது. 1013 என்பது ஒரு சராசரி மட்டுமே. தாழ்வு, உயர்வு என்பவை அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுபவை. சுற்றிலும் 1010 இருக்க நடுவில் 1006 இருந்தால் அது தாழ்வு. சுற்றிலும் 1000 இருக்க நடுவில் 1004 இருந்தால், 1013ஐவிடக் குறைவாக இருந்தபோதிலும், அது உயர்வே. ஊட்டியில் உள்ள ஒரு பள்ளம் சென்னையின் மேட்டைவிட உயரத்தில் இருந்தாலும் அதைப் பள்ளம் என்றுதானே சொல்கிறோம்? ஊட்டியில் கருவி காட்டும் அழுத்தம் சுமார் 780 மட்டுமே. அங்கே தலைக்கு மேலுள்ள காற்று குறைவு என்பதே காரணம், மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதனால்தான் வானிலை வரைபடம் வரைவோர் எல்லா ஊர்களின் அளவையும் கடல் மட்டத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுகின்றனர்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவர்): தாழ்வு வந்தால் ஏன் மழை வருகிறது? வெயில் காலத்திலும் தாழ்வு உண்டு என்கிறார்களே?

பதில்: காற்று அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகர முனைகிறது. ஆனால் பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் அது நேராகப் போகாமல் வலப்புறம் விலகி, தாழ்வைச் சுற்றி இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், ஓடுகிறது. தரையை ஒட்டிய உராய்வு அந்த ஓட்டத்தைச் சற்றே தளர்த்துவதால், காற்று சிறிது சிறிதாக மையத்தை நோக்கித் திரும்புகிறது. நாலாபுறமிருந்தும் வந்து சேரும் காற்றுக்குக் கீழே போக வழியில்லை. ஆகவே மேலே எழுகிறது. மேலே அழுத்தம் குறைவு என்பதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஈரம் செறிந்து முகிலாகும் வரை, ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். நீராவி துளிகளாக மாறும்போது, நீர் ஆவியானபோது உட்கொண்ட உள்ளுறை வெப்பம் வெளிப்பட்டுச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குவதால், எழுச்சி மேலும் வலுக்கிறது. வங்கக் கடலில் ஒரு தாழ்வு புயலாக வளர்வது இப்படி எழுச்சியும் வெப்பமும் ஒன்றையொன்று வலுப்படுத்துவதால்தான். உயர் அழுத்தப் பகுதியில் இதற்கு நேர்மாறாகக் காற்று கீழிறங்கி வெப்பமடைவதால் முகில்கள் கரைகின்றன.

இனி உங்கள் இரண்டாவது ஐயம். மே, ஜூன் மாதங்களில் ராஜஸ்தான், பாகிஸ்தான் பகுதியில் கொதிக்கும் தரையினால் ஒரு வெப்பத் தாழ்வு உருவாகிறது. ஆனால் அங்குள்ள காற்று வறண்டது. எழுச்சியும் அதிக உயரம் செல்வதில்லை, அதற்கு மேலே காற்று இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே தாழ்வு மட்டும் போதாது. ஈரமும் வேண்டும், அந்த ஈரம் போதிய உயரம் ஏறவும் வேண்டும்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவர்): என் அண்ணனின் கைப்பேசியில் அழுத்தமானி உள்ளது. தினமும் பிற்பகலில் அழுத்தம் குறைகிறது, ஆனால் மழை வருவதில்லை. கருவி பழுதா?

பதில்: பழுதில்லை, மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். என் மேசை மீதுள்ள அனிராய்டு (திரவமில்லாத) அழுத்தமானி காலை 10 மணிக்கு 1012 காட்டினால், மாலை 4 மணிக்கு 1008 அல்லது 1009இல் நிற்கும். இரவு 10 மணியளவில் மீண்டும் ஏறி, அதிகாலை 4 மணியளவில் மறுபடி இறங்கும். சூரிய வெப்பத்தால் வளிமண்டலம் முழுவதிலும் எழும் ஒருவகை ஏற்ற இறக்கம் இது. வெப்பமண்டல நாடுகளில் தெளிவாகத் தெரியும். ஆகவே காலை அளவை மாலை அளவோடு ஒப்பிடாதீர்கள். இன்று மாலை 4 மணி அளவை நேற்று மாலை 4 மணி அளவோடு ஒப்பிடுங்கள். வானிலையாளர்களும் இந்த 24 மணி நேர மாற்றத்தையே கவனிக்கின்றனர்.

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவி): கண்ணாடிச் சீசாவின் வாயில் பலூனை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஸ்ட்ரா ஒட்டி அழுத்தமானி செய்தோம். அது சரியாகக் காட்டுமா?

பதில்: பள்ளிக் கண்காட்சிகளில் அடிக்கடி காணப்படும் இந்தக் கருவி, உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் வெப்பமானியாகவே வேலை செய்கிறது. உள்ளே அடைபட்ட காற்று ஒரு டிகிரி சூடானாலே, வெளியழுத்தம் 3 ஹெக்டோபாஸ்கலுக்கும் மேல் குறைந்ததைப் போலப் பலூன் புடைக்கும். ஸ்ட்ராவின் வெளிமுனை தாழும். வெயில் ஏறினால் "தாழ்வு" என்று அது பொய் சொல்லும். வெப்பநிலை அதிகம் மாறாத அறையில், ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு வெப்பமானியும் வைத்துக் குறிப்பெடுத்தால் ஓரளவு நம்பலாம்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி): தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல் ஆகியவற்றை அழுத்தத்தை வைத்தா பிரிக்கிறார்கள்?

பதில்: முக்கியமாகக் காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 31 கிலோமீட்டர் முதல் தாழ்வு மண்டலம், 50 முதல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 முதல் புயல். குறுகிய தொலைவில் அழுத்தம் எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறதோ அவ்வளவு வேகமாகக் காற்று வீசும்.

கேள்வி (பதினோராம் வகுப்பு மாணவர்): வங்கக் கடலில் புயல் இருந்தும் சென்னையில் சில முறை வெயில் கொளுத்துவது ஏன்?

பதில்: 2019ஆம் ஆண்டின் ஃபானி புயலை எடுத்துக்கொள்வோம். தமிழகத்துக்கு மழை தரும் என்று பலர் காத்திருக்க, அது வடக்கே திரும்பி மே 3ஆம் நாள் ஒடிசாவின் பூரி அருகே கரையைக் கடந்தது. புயல் சென்னைக்கு வடகிழக்கே இருந்தால், இடஞ்சுழிச் சுற்றின்படி சென்னைக்கு வடமேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து, வறண்ட காற்று வரும். போதாக்குறைக்குக் கடற்காற்றும் தடைபடும். மாறாக, நவம்பரில் தாழ்வு சென்னைக்குத் தென்கிழக்கே நின்றால், அதே சுற்று வடகிழக்கிலிருந்து கடலின் ஈரத்தை அள்ளி வருகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். புயல் நாளில், வீட்டுக்குள் பாதுகாப்பாக இருந்தபடியே, காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றால், வட அரைக்கோளத்தில் தாழ்வு உங்கள் இடப்பக்கம் இருக்கும். 1857இல் நெதர்லாந்து அறிஞர் பைஸ் பாலட் வெளியிட்ட விதி இது. சாதாரண நாளின் பிற்பகலில் மட்டும் முயல வேண்டாம், கடற்காற்று குழப்பிவிடும்.