யாழ்ப்பாணத்தில் பொதியிட்ட பழச்சாறு வாங்கும் குடும்பங்களை ஆய்வு செய்யும்போது எவற்றைக் கேட்க வேண்டும்?

இறுதியாண்டு ஆய்வுக்காகப் பொதியிட்ட பழச்சாறு வாங்கும் யாழ்ப்பாணக் குடும்பங்களைத் தெரிவு செய்திருப்பதாகவும், வினாக்கொத்தில் எந்தக் கேள்விகளைச் சேர்ப்பது என்று விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இப்பகுதி வீடுகளில் உணவுக் கொள்வனவு பற்றிய நேர்காணல்களை நீண்ட காலமாகச் செய்து வருபவன் என்ற முறையில் என் பதில் இதுதான்: குடும்பத்தை ஒரே நுகர்வோராகக் கொள்ளாதீர்கள். காசு கொடுப்பவர், கடையில் தெரிவு செய்பவர், வீட்டில் குடிப்பவர் ஆகிய மூவரும் நம் வீடுகளில் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். தகப்பன் காசு கொடுக்க, தாய் கடைக்குப் போக, பிள்ளை கை காட்டிய பக்கற் வீட்டுக்கு வருகிறது. "உங்கள் குடும்பம் மாதம் எத்தனை முறை வாங்குகிறது?" என்ற கேள்வி இவர்கள் மூவரையும் ஒன்றாக்கி, எவருக்கும் பொருந்தாத ஒரு விடையைத் தரும்.

இன்னொன்றும் உண்டு. இங்கே வாங்கப்படும் பழச்சாற்றில் ஒரு பங்கு, வாங்கியவர் வீட்டில் குடிக்கப்படுவதே இல்லை. சுகமில்லாதவரைப் பார்க்க வைத்தியசாலைக்குப் போகும்போதும், பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகும்போதும், தனித்திருக்கும் அம்மம்மாவைப் பார்க்கப் போகும்போதும் வெறுங்கையோடு போவது நமக்கு வழக்கமில்லை. ஒரு லீற்றர்ப் பெட்டி அத்தகைய நேரங்களில் பிஸ்கற், பால்மா வகைகளோடு சேர்ந்து போகிறது. தன் பிள்ளைக்குச் சீனி கூடாது என்று கவனமாக இருக்கும் தாயே, நீரிழிவு உள்ள ஒரு முதியவருக்கு அதே பெட்டியை அன்போடு கொண்டுபோய்க் கொடுப்பார். இதைக் குற்றமாகக் கேட்டால் அவர் பேசுவதை நிறுத்திவிடுவார். கடைசியாக வாங்கிய பெட்டி யாருக்காக வாங்கப்பட்டது, யார் குடித்தார், எஞ்சியது எங்கே போனது என்று நிகழ்ச்சியாகக் கேட்டால் முழுவதையும் சொல்வார். உங்கள் ஆய்வின் மிகச் செழிப்பான பகுதி இங்கேதான் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டுக்குப் போகும் முன்னர் பொருளை நன்கு அறிந்திருங்கள். 2005 இல் வெளியான கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவு நியமத்தின்படி, பழச்சாறு என்பது முழுவதும் பழத்திலிருந்து வந்ததாக, அல்லது செறிவாக்கிய சாற்றில் மீண்டும் நீர் சேர்த்ததாக இருக்க வேண்டும். நெக்டர் என்பது பழச்சாறு அல்லது பழக்கூழோடு நீரும் பெரும்பாலும் சீனியும் சேர்ந்தது. மாம்பழ நெக்டரில் குறைந்தது 25 வீதமும், தோடம்பழ நெக்டரில் குறைந்தது 50 வீதமும் பழம் இருந்தால் போதும். பழச்சுவைப் பானங்களில் பழம் அதைவிடவும் குறையலாம். நீர் கலந்து குடிக்கும் கோடியல், நம் ஊர் நெல்லிக் கிறஷ் ஆகியவை வேறொரு வகை. மக்கள் இவை எல்லாவற்றையும் ஜூஸ் என்றே சொல்வார்கள். ஆகவே ஒவ்வொரு வகையிலும் ஒரு வெற்றுப் பெட்டியையோ போத்தலையோ கையோடு கொண்டுபோய், எதை வாங்கினீர்கள் என்று காட்டச் சொல்லுங்கள்.

சீனியின் அளவைக் கேட்கும் பகுதிக்கு, பானப் பொதிகளில் நிற வட்டமாக அச்சிடப்படும் இலங்கையின் நிறக் குறியீடே நல்ல அடிப்படை. 2016 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகளின்படி, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 இற்குக் குறைவாயின் பச்சை. செம்மஞ்சளின் மேல் எல்லையில் நிற்கும் 200 மில்லிலீற்றர்ப் பக்கற் ஒன்றில் 22 கிராம் சீனி இருக்கும். வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி உண்பதாகக் கொண்டால், உலக சுகாதார அமைப்பு 2015 இல் கூறிய எல்லை 50 கிராம்; இயன்றால் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்றும் அது சொன்னது. பழச்சாற்றில் இயல்பாக உள்ள சீனியும் இந்தக் கணக்கில் சேரும். செம்மஞ்சள் வட்டத்தைப் பார்த்து "இது பரவாயில்லை" என்று நம்பும் பெற்றோருக்கு இந்தக் கணக்கு எட்டியிருக்கிறதா என்பதைப் பேட்டியின் கடைசியில் மட்டும் கேளுங்கள். முதலிலேயே கேட்டால், பிறகு வரும் விடைகள் யாவும் உங்களை மகிழ்விப்பதற்கான விடைகளாகிவிடும்.

நினைவை மட்டும் நம்புவதும் போதாது. சம்மதிக்கும் வீடுகளில் ஒரு பையைக் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு வெற்றுப் பெட்டிகளை எறியாமலும் குப்பையோடு எரிக்காமலும் அதில் போடச் சொல்லுங்கள். கழுவிப் போடச் சொல்ல மறக்க வேண்டாம். எறும்பு வந்தால் மூன்றாம் நாளே பை வெளியே போய்விடும். பையில் இருப்பதும் வாயால் சொன்னதும் வேறுபடும் இடத்தைப் பொய் என்று எண்ணாமல், ஆறுதலாக இருந்து காரணம் கேளுங்கள். ரியூசனுக்குப் போகும் வழியில் பிள்ளை தானே வாங்கிக் குடிப்பது எந்தப் பையிலும் விழாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

காலத்தைத் தவறாகத் தெரிவு செய்தால் முழு முயற்சியும் வீணாகும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சந்தைக்கு வரும் மாதங்களில் மாம்பழ நெக்டர் பற்றிக் கேட்பதும், அதற்குப் பிறகு கேட்பதும் ஒன்றல்ல. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் வெளிநாட்டு உறவினர் வந்து நிறையும் வீடுகளில் கொள்வனவு வழமையாக இராது. சோனகதெருப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ப்பதாயின் நோன்பு மாதத்தைத் தனியாகப் பாருங்கள். "முன்பு எவ்வளவு வாங்கினீர்கள்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், 2022 பொருளாதார நெருக்கடிக்கு முன்னா பின்னா என்று பிரித்தே கேளுங்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது; பல வீடுகளில் முதலில் நிறுத்தப்பட்டவை இத்தகைய பொருட்களே.

மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. எல்லாவற்றையும் தொட முயல வேண்டாம். நகரம், வடமராட்சி, தீவகம் என மூன்றிடங்களைத் தெரிவு செய்து, ஒவ்வொன்றிலும் குறைந்த வீடுகளில் ஆழமாகக் கேட்பது, ஐந்நூறு படிவங்களை நிரப்புவதைவிடப் பயன் தரும். நெடுந்தீவுக்குப் பொருள் படகில் போகவேண்டியிருப்பதால், அங்கே விருப்பத்தைக் கேட்பதற்கு முன் கடையில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளிடம் பேசுவதாயின் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் உங்கள் பீடத்தின் ஒழுக்கநெறி அனுமதியும் முதலில் கையில் இருக்கட்டும். அந்த அனுமதி கிடைக்க நாளெடுக்கும் என்பதால் விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.