சப்பாத்திக்கள்ளியை ஆடு மாடுகளுக்குப் போடலாமா?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் பக்கம் வேம்பூர் செம்மறி நாற்பதும், கன்னி ஆடு பதினைந்தும், கறவைப் பசு இரண்டும் வைத்திருக்கிறேன். பங்குனி தொடங்கி ஆடி வரை மேய்ச்சல் கிடையாது. ஓடைக்கரையிலும் வேலியோரத்திலும் சப்பாத்திக்கள்ளி நிறையக் கிடக்கிறது. முள்ளைச் சுட்டுவிட்டுப் போட்டால் புண்ணாக்கே தேவையில்லை என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதில் அவ்வளவு சத்து இருக்கிறதா? எவ்வளவு போடலாம்? சினை ஆட்டுக்கு ஆகுமா? முள்ளில்லாத கள்ளியை வாங்கி ஒரு ஏக்கரில் நடலாமா?

பதில்: போடலாம். புண்ணாக்கு தேவையில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். கள்ளியில் நிறைய இருப்பது தண்ணீரும் சீக்கிரம் செரிக்கிற மாவுச்சத்தும். புரதம் மிகக் குறைவு, நாரும் போதாது. கள்ளியோடு என்ன சேர்த்துப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது தீவனமாவதும் வெறும் கழிச்சலாக வெளியே போவதும்.

சத்துக் கணக்குக்குப் போகுமுன் செடியைப் பார்த்துவிடுவோம். நான் சொல்வதெல்லாம் உள்ளங்கை போலத் தட்டையான மடல் அடுக்கி வளர்ந்து, மஞ்சள் பூப் பூத்து, கருஞ்சிவப்புப் பழம் பழுக்கிற சப்பாத்திக்கள்ளிக்கு மட்டுமே. சில ஊர்களில் நாகதாளி என்பார்கள். அதே வேலியில் நிற்கும் சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் வேறு குடும்பம். ஒடித்தால் வெள்ளையாகப் பால் வரும். அந்தப் பால் வாயையும் கண்ணையும் குடலையும் புண்ணாக்கிவிடும். வெட்டிய இடத்தில் பால் கசிந்தால் அது தீவனமில்லை. கொழகொழவென்று நிறமில்லாத சாறு வந்தால்தான் சப்பாத்திக்கள்ளி. மடல் வெட்ட ஆள் அனுப்பினால் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

இனி சத்து. பச்சை மடல் ஒரு கிலோ எடுத்தால் அதில் 850 முதல் 900 கிராம் வரை தண்ணீர். ஈரம் போக மிஞ்சுவதை உலர்பொருள் என்போம். அது கிலோவுக்கு ஏறத்தாழ 100 கிராம்தான். அந்த 100 கிராமில் புரதம் பெரும்பாலும் 3 முதல் 6 கிராம். சாணம் நன்றாகப் போட்ட நிலத்தின் இளமடலில் கொஞ்சம் கூடும். ஓடைக்கரையில் தானாக நிற்கும் முற்றல் மடலில் அதுவும் இருக்காது. தாது உப்புகள் மட்டும் 15 முதல் 25 கிராம். மற்றதில் பெரும்பகுதி எளிதில் கரைகிற மாவுச்சத்து. அதனால்தான் கள்ளியின் உலர்பொருளில் 60 முதல் 65 சதவீதம் வரை செரிக்கும் என்று கணக்கிடுகிறார்கள். சோளத்தட்டையைவிட இது மேல். நல்ல பசுந்தீவனத்துக்குச் சமம் என்றே சொல்லலாம். வீடியோக்காரர்கள் காட்டுவது இந்த எண்ணைத்தான். அது உலர்பொருளுக்கான எண் என்பதைச் சொல்வதில்லை. பச்சையாக ஒரு கிலோ போட்டால் உள்ளே போகிற செரிக்கும் சத்து வெறும் 60 கிராம்.

இதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. சுண்ணாம்பிலும் பெரும்பகுதி ஆக்சலேட் என்ற அமில உப்போடு சேர்ந்து கரையாத படிகமாக இருக்கிறது. விஷமாகாமல் இருக்க அது நல்லதுதான், ஆனால் அந்தச் சுண்ணாம்பு ஆட்டுக்கும் முழுதாகக் கிடைப்பதில்லை. சோடியம் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே கள்ளி போடும் நாட்களில் தாது உப்புக் கலவையும் கொஞ்சம் கல்லுப்பும் கட்டாயம். தவிடு இருந்தால் ஒரு கை சேருங்கள், பாஸ்பரஸ் குறையை அது ஓரளவு ஈடு கட்டும்.

உங்கள் ஊருக்கு இதைவிட முக்கியமானது தண்ணீர் கணக்கு. துனீசியாவில் செம்மறிகளை வைத்துப் பார்த்த ஆய்வுகளில், நாளொன்றுக்குக் கள்ளியிலிருந்து 300 கிராம் உலர்பொருள், அதாவது ஏறக்குறைய 3 கிலோ பச்சை மடல், தின்ற ஆடுகள் தொட்டித் தண்ணீரை அனேகமாகத் தொடவே இல்லை. 3 கிலோ மடலில் 2.7 லிட்டர் தண்ணீர் இருக்கிறதே. கண்மாய் வற்றி, டேங்கரில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவைக்கும் மாதங்களில் இது பெரிய உபகாரம். தண்ணீர் தேடி ஆடுகள் தினமும் நடக்கும் தூரமும் குறையும். அதற்காகத் தொட்டியைக் காய விட்டுவிடாதீர்கள். நம் அக்னி வெயிலில் ஆட்டுக்கு ஆடு தேவை மாறும், குடிப்பதும் குடிக்காததும் அதன் இஷ்டமாக இருக்கட்டும்.

சரி, எவ்வளவு போடுவது? 30 கிலோ எடையுள்ள செம்மறி ஒன்றுக்கு நாளுக்குச் சுமார் ஒரு கிலோ உலர்பொருள் வேண்டும். மொத்தத் தீவனத்தில் புரதம் ஏழெட்டு சதவீதத்துக்குக் கீழே போனால் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். அப்புறம் வைக்கோலும் தட்டையும் செரிக்காமல் தேங்கும். ஆகவே குறைந்தது 70 கிராம் புரதம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோ மடலில் வருவது 15 கிராம். அரை கிலோ சோளத்தட்டையில் 15 முதல் 20. இரண்டையும் சேர்த்தால் பாதித் தேவைதான் ஆகிறது. கடலைப் புண்ணாக்கு 100 கிராம் வைத்தால் 40 கிராம் புரதம் வந்து, கணக்கு நேராகும்.

புண்ணாக்கை முழுதாக நிறுத்த முடியாது என்று சொன்னது இதனால்தான். ஆனால் குறைக்கலாம். உங்கள் பக்கம் உளுந்து, பாசிப்பயறு விளைகிற ஊர். களத்தில் மிஞ்சும் உளுந்தம் பொட்டு, கடலைக்கொடி எல்லாம் சோளத்தட்டையைவிடப் புரதம் கூடியவை. தட்டைக்குப் பதில் அவற்றைப் போட்டால் புண்ணாக்கு பாதி போதும். கிணற்றடியில் அகத்தியோ சூபாபுல்லோ இருந்தால் ஆட்டுக்கு அரைக் கிலோ தழை ஒடித்துப் போடுங்கள். சித்திரையில் உதிரும் சீமைக்கருவேல நெற்றைப் பொறுக்கி, இடித்துப் போடுவதும் நல்ல வழி. காசு செலவில்லாத அடர்தீவனம் அதுதான். வீடியோவில் அந்த மரத்தைத் திட்டத்தான் செய்வார்கள், நெற்றைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

பசுவுக்கு நாளுக்கு 15 முதல் 20 கிலோ மடல் வரை போகலாம். அது இரண்டு கிலோ உலர்பொருள்தான், மொத்தத் தேவையில் கால் பங்கு. அதற்கு மேல் போனால் பாலில் கொழுப்பு இறங்கும். பிரேசிலின் வடகிழக்கு வறட்சிப் பகுதியில் கறவை மாடுகளுக்குக் கள்ளிதான் பிரதான தீவனம். பல லட்சம் ஏக்கரில் பயிரிடுகிறார்கள். அங்கேயே நாரில்லாமல் கள்ளியை அள்ளிப் போட்டவர்களுக்குக் கழிச்சல், எடைக் குறைவு, பாலில் கொழுப்புச் சரிவு மூன்றும் சேர்ந்தே வந்தன. தட்டையோ வைக்கோலோ நறுக்கிக் கலந்து போட்ட பிறகுதான் சரியானது. கொழுப்பைப் பார்த்து விலை போடுகிற சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறீர்கள் என்றால் இதன் அருமை சொல்லாமலே தெரியும். பிரேசிலில் மடலோடு யூரியா கலந்தும் கொடுக்கிறார்கள். அதை வீட்டில் முயலாதீர்கள். அளவு கொஞ்சம் தப்பினாலோ சரியாகக் கலக்காவிட்டாலோ ஆடு செத்துவிடும்.

முள் விஷயத்தில் அலட்சியம் கூடாது. நீள முள் கண்ணுக்குத் தெரியும், ஆடே ஓரளவு விலக்கிக்கொள்ளும். தொந்தரவு செய்வது ஒவ்வொரு முள் கண்ணிலும் கொத்தாக இருக்கும் மயிரிழை போன்ற சுணைதான். உதட்டிலும் நாக்கிலும் குத்தி ஒடிந்து சீழ் பிடிக்கும். அப்புறம் ஆடு கள்ளியை மட்டுமல்ல, எதையுமே தின்னாது. அமெரிக்காவில் டெக்சாஸ் பண்ணைக்காரர்கள் வறட்சிக் காலத்தில் கேஸ் தீப்பந்தம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, செடி நின்ற இடத்திலேயே முள்ளைப் பொசுக்கி மாட்டை விடுவார்கள். நம் ஊரில் அப்படிச் செய்யவேண்டாம். கோடையில் காய்ந்த சீமைக்கருவேலும் புல்லும் பக்கத்தில் நிற்கும்போது தீ வேலியோடு நிற்காது. மடலை வெட்டி வெட்டவெளிக்குக் கொண்டுவந்து, இடுக்கியாலோ கவைக்கோலாலோ பிடித்து, சுள்ளித் தீயில் இரு பக்கமும் ஓரமும் வாட்டுங்கள். முள் எரிந்து சுணையும் பொசுங்கினால் போதும், மடல் பச்சையாகவே இருக்கவேண்டும். ஆறியபின் சாக்கை வைத்துத் தேய்த்துவிட்டு, விரல் அகலத்துக்கு நறுக்குங்கள். பெரிய துண்டாகப் போட்டால் செம்மறிக்குத் தொண்டையில் சிக்கலாம். பழத்தையும் அதிகம் போடவேண்டாம். விதை வயிற்றில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

நறுக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாள் வைத்தால் புளித்துப்போகும். நறுக்காத மடல் நிழலில் ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். ஆகவே தினமும் ஓடைக்கரைக்கு ஓடவேண்டியதில்லை. இந்தச் செடி இரவில்தான் காற்றை உள்வாங்கும். அதனால் காலையில் மடலில் புளிப்பு கூடுதலாக இருக்கும், வெயில் ஏற ஏறக் குறையும். பிற்பகலில் வெட்டினால் ஆடுகள் இன்னும் விரும்பித் தின்னும்.

பழக்குவது மெதுவாக இருக்கட்டும். முதல் நாள் ஆட்டுக்குக் கால் கிலோ. இரண்டு வாரத்தில் 2, 3 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். காலையில் முதலில் தட்டை, அரை வயிறு நிறைந்தபின் கள்ளி. வெறும் வயிற்றில் கள்ளி போட்டால் உப்புசமும் வரும், கழிச்சலும் வரும். புழுக்கை கொஞ்சம் இளகிப் போவது இயல்புதான். ஆடு சுறுசுறுப்பாக இருந்து அசைபோட்டால் பயப்படாமல் கள்ளியைக் குறைத்துத் தட்டையைக் கூட்டுங்கள். நாற்றத்தோடோ இரத்தத்தோடோ கழிந்தால், காய்ச்சல் இருந்தால், அது கள்ளியால் வந்தது அல்ல. மருத்துவரைக் கூப்பிடுங்கள். கள்ளிமேல் பழியைப் போட்டுவிட்டு இரத்தக் கழிச்சலையும் குடற்புழுவையும் கவனிக்காமல் விடுவது நம் பக்கம் அடிக்கடி நடக்கிறது.

சினை ஆட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் மூன்று மாதம் மற்ற ஆடுகளைப் போலவே கொடுக்கலாம். கடைசி ஆறு வாரம் குட்டி வயிற்றை அடைத்துக்கொள்ளும், இரைப்பைக்கு இடம் இருக்காது. அந்த இடத்தை 90 சதவீதம் தண்ணீரான பொருளால் நிரப்பினால் தாய்க்கும் குட்டிக்கும் வேண்டிய சத்துக்கு இடமில்லாமல் போகும். அப்போது ஒரு கிலோவோடு நிறுத்திக்கொண்டு, புண்ணாக்கையும் தானியத்தையும் கூட்டுங்கள். பால் குடிக்கும் குட்டிகளுக்குக் கள்ளியே வேண்டாம்.

கடைசிக் கேள்வி, முள்ளில்லாக் கள்ளி. இது ஏமாற்று வேலை இல்லை. ஜோத்பூரின் மத்திய வறண்ட நில ஆய்வு நிறுவனமும் ஜான்சியின் இந்தியப் புல்வெளி, தீவன ஆய்வு நிறுவனமும் இதில் வேலை செய்கின்றன. மத்தியப் பிரதேசம் அம்லாகாவில் பன்னாட்டு வறண்ட நில ஆய்வு மையம் ரகங்களைச் சேர்த்துப் பெருக்குகிறது. ஆனால் உங்கள் நிலம் கரிசல் என்றால் சமதளத்தில் நடாதீர்கள். கள்ளி வறட்சியைத் தாங்கும், வேரில் தண்ணீர் நின்றால் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் ஊறி நிற்கும்போது அழுகிவிடும். செவல், சரளை, தேரி மணல் நிலம் இருந்தால் நடலாம். கரிசல்தான் என்றால் வரப்பு மேட்டில் மட்டும். மடலை நிழலில் இரண்டு வாரம் வைத்து வெட்டுக்காயம் ஆறியபின், ஆடி, ஆவணியில் பாதி புதையும்படி நட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். கிடை போட்ட இடமாக இருந்தால் விளைச்சலோடு புரதமும் கூடும். இரண்டாம் ஆண்டு முதல் தாய்மடலை விட்டு மேல்மடல்களை வெட்டலாம். வெட்டித்தான் போடவேண்டும்; முள்ளில்லாத செடிக்குள் ஆட்டை விட்டால் ஒரே வாரத்தில் தூர்வரை மேய்ந்துவிடும்.

இன்னொன்று, நம் தென்பகுதிக்கே உரிய ஆபத்து. 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த, கள்ளியின் சாற்றை உறிஞ்சும் கொச்சினீல் பூச்சியை விட்டுத்தான் இங்கே பரவிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை அடக்கினார்கள். அந்தப் பூச்சி இன்னும் போகவில்லை. 2014-க்குப் பிறகு மொராக்கோவில் விவசாயிகள் நட்டு வளர்த்த கள்ளித் தோட்டங்களைப் பெருமளவில் அழித்ததும் இதே இனம்தான். பிரேசிலில் இதற்குத் தாக்குப்பிடிக்கும் ரகங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பூச்சியில் உட்பிரிவுகள் இருப்பதால் அங்கே தாங்கியது இங்கேயும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே ஒரு ஏக்கரை ஒரேயடியாக நடாமல் பத்து சென்ட்டில் தொடங்குங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட ரகமாக. ஓடைக்கரைக் கள்ளி உள்ள பக்கத்திலிருந்து தள்ளியே நடுங்கள். மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால் நசுக்கிப் பாருங்கள். இரத்தச் சிவப்பில் சாறு வந்தால் அது கொச்சினீல்தான், அந்த மடலை அன்றே வெட்டி எரித்துவிடுங்கள்.